1957 வடிவ ஜெர்மன் பதக்கங்கள்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் இராணுவப் பதக்கங்களைச் சேகரிப்பவன் என்று தெரிந்தவுடன் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே வகை ஐயங்கள்தான்: ஸ்வஸ்திகா இல்லாத இந்த இரும்புச் சிலுவை எங்கிருந்து வந்தது, இது அசலா போலியா, இதை வாங்கலாமா. பலருக்கும் தனித்தனியாகச் சொன்ன விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. "57 வடிவம்" என்கிறார்களே, 1957-இல் ஜெர்மனி எந்தப் போருக்காகப் பதக்கம் கொடுத்தது?

எந்தப் போருக்காகவும் கொடுக்கவில்லை. 1939 முதல் 1945 வரை ஏற்கெனவே பெற்ற பதக்கங்களை மீண்டும் அணிந்துகொள்ள மேற்கு ஜெர்மனி அனுமதித்த ஆண்டு அது. போர் முடிந்ததும் நேச நாடுகளின் கட்டுப்பாட்டு அவை ஜெர்மன் இராணுவச் சீருடைகளையும் பதக்கங்களையும் அணியக் கூடாது என்று தடை விதித்தது. 1955 நவம்பர் 12 அன்று புதிய படையான புண்டஸ்வேர் தொடங்கப்பட்டபோது, அதில் சேர்ந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் பழைய படையில் போரிட்டவர்களாகவே இருந்தார்கள்; அவர்களுடைய மார்பில் எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்பதற்கு விடை தேவைப்பட்டது. பட்டங்கள், விருதுகள், கௌரவச் சின்னங்கள் பற்றிய 1957 ஜூலை 26-ஆம் தேதிச் சட்டம் அந்த விடையைத் தந்தது. நாஜி அடையாளம் இல்லாத வடிவில் மட்டுமே அணியலாம் என்பது அதன் நிபந்தனை.

ஆகவே "57" என்பது சட்டத்தின் ஆண்டு. பதக்கம் 1957-இலும் செய்யப்பட்டிருக்கலாம், 1980-இலும் செய்யப்பட்டிருக்கலாம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. கிழக்கு ஜெர்மனியிலும் இப்படிச் செய்தார்களா?

இல்லை. கிழக்கு ஜெர்மனி பழைய படையின் பதக்கங்களை எந்த வடிவிலும் அணிய அனுமதிக்கவில்லை. 57 வடிவம் முழுக்க முழுக்க மேற்கு ஜெர்மனியின் பொருள்.

3. ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

பதக்கத்துக்குப் பதக்கம் வேறுபடும். சேகரிப்பின் சுவையே இங்கேதான் இருக்கிறது. இரும்புச் சிலுவையின் நடுவில் மூன்று ஓக் இலைகள் கொண்ட சிறு கொத்து வந்தது. கீழ்க்கையில் 1939 என்ற ஆண்டு அப்படியே நின்றது. இந்த இலைக்கொத்து புதிய கற்பனை இல்லை. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் 1813-இல் நிறுவிய முதல் இரும்புச் சிலுவையிலேயே அது இருந்தது. நாஜிகளுக்கு முந்தைய மரபிலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள்.

ஜெர்மன் சிலுவை என்ற எட்டுமுனை நட்சத்திரத்தின் நடுவில் பெரிய ஸ்வஸ்திகா இருந்தது. அதுவே அந்தப் பதக்கத்தின் உடல் என்று சொல்லலாம். அதை எடுத்தால் வெறும் வட்டமே மிஞ்சும் என்பதால், தங்க வகையில் இரும்புச் சிலுவையின் சிறு உருவத்தையும், வெள்ளி வகையில் வாள்களுடன் கூடிய போர்ச் சேவைச் சிலுவையின் சிறு உருவத்தையும் பதித்தார்கள். போர்ச் சேவைச் சிலுவையின் முகப்பிலோ 1939 என்ற எண்ணையே போட்டுவிட்டார்கள்.

சிலவற்றில் எதையும் வைக்கவில்லை. காலாட்படைத் தாக்குதல் சின்னத்தில் மாலையின் உச்சியில் இருந்த கழுகையே எடுத்துவிட்டார்கள். மாலையும் குறுக்கே சாய்ந்த துப்பாக்கியும் மட்டும் எஞ்சின. கைகலப்புப் போர்ப் பட்டையிலும் கழுகு போய், குத்துவாளும் எறிகுண்டும் தனியே நிற்கின்றன. மாறாக, பாய்ந்து இறங்கும் கழுகே உருவமாக உள்ள பாராசூட் வீரர் சின்னத்தில் கழுகு இருக்கிறது, அதன் நகங்களில் இருந்த ஸ்வஸ்திகா மட்டும் இல்லை. பிடித்திருந்த பொருள் போனபின்னும் நகங்கள் அதே வளைவில் காற்றைப் பற்றிக்கொண்டிருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால் சற்று விசித்திரமாகவே இருக்கும்.

4. என்னிடம் உள்ள சிலுவையில் ஓக் இலை இருக்கிறது. இது "ஓக் இலைகளுடன்" என்ற உயர்ந்த விருதா?

இல்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. சில விற்பனையாளர்களும் இந்தக் குழப்பத்தைத் திருத்த அவசரப்படுவதில்லை. இரும்புச் சிலுவையின் உயர் தரமான நைட் சிலுவைக்கான ஓக் இலைகள் 1940 ஜூன் மாதம் நிறுவப்பட்ட தனி விருது. அது சிலுவைக்கு மேலே, நாடாவை ஒட்டி மாட்டப்படும் தனித்த உலோகத் துண்டு. உங்கள் சிலுவையின் நடுவில் இருப்பது மூன்றாம் விடையில் சொன்ன இலைக்கொத்து. இரண்டாம் வகுப்பு முதல் நைட் சிலுவை வரை 57 வடிவச் சிலுவைகள் எல்லாவற்றிலும் அது உண்டு.

அளவைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். முதல், இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் அகலம். கழுத்தில் அணியும் நைட் சிலுவை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர்.

5. எல்லாப் பதக்கங்களுக்கும் 57 வடிவம் உண்டா?

கிடையாது. கட்சி வழங்கிய விருதுகளுக்கு இடமே தரப்படவில்லை. 1938, 1939 ஆண்டுகளில் ஆஸ்திரியா, சுடெட்டன்லாந்து, மேமல் பகுதிகளைக் கைப்பற்றியதற்காக அளிக்கப்பட்ட பதக்கங்களும் ஒதுக்கப்பட்டன. அவற்றின் "57 வடிவம்" என்று யாராவது நீட்டினால், அது கற்பனைப் பொருள் என்று கருதி விலகிவிடுவது நல்லது.

இன்னொரு வகை உண்டு: முதலிலிருந்தே ஸ்வஸ்திகா இல்லாதவை. 1934-இல் நிறுவப்பட்ட முதல் உலகப்போர்க் கௌரவச் சிலுவை, பனைமரங்களுக்கிடையே "ஆஃப்ரிகா" என்று நெய்த கைப்பட்டை, "கிரேட்டா" (கிரீட் தீவு) கைப்பட்டை போன்றவற்றில் நீக்குவதற்கு எதுவும் இல்லை. மாற்றம் இல்லாததால், போருக்குப் பின் செய்யப்பட்டதைப் போர்க்காலத்ததிலிருந்து பிரிப்பது இவற்றில்தான் கடினம். தொடக்கக்காரர்கள் இந்தக் கைப்பட்டைகளில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

6. அரசாங்கமே முன்னாள் வீரர்களுக்கு இவற்றை வழங்கியதா? சான்றிதழ் இருக்குமா?

அரசு அனுமதி தந்ததே தவிரப் பதக்கம் தரவில்லை. உரிமை உள்ளவர்கள் தங்கள் கைக்காசில் கடையில் வாங்கிக்கொண்டார்கள். விருது உண்மையிலேயே கிடைத்தது என்பதற்குப் போர்க்காலச் சான்றிதழோ, சிப்பாயின் கையேட்டில் உள்ள பதிவோ ஆதாரமாக இருந்தது.

அதனால் "1957-இல் வழங்கப்பட்ட சான்றிதழுடன் இரும்புச் சிலுவை" என்று வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். 57 வடிவப் பதக்கத்துடன் 1942-ஆம் ஆண்டுச் சான்றிதழ் சேர்ந்து வந்தால் அதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒரே மனிதரின் மேசை அறையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்திருக்கக் கூடும். அப்படிச் சேர்ந்து கிடைக்கும் தொகுதியைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. யார் செய்தார்கள்? பின்புறத்தில் முத்திரை எதுவும் இல்லையே?

பெரும்பாலான 57 வடிவங்களில் செய்தவர் முத்திரை இருப்பதில்லை. எனவே முத்திரை இல்லாதது குறையாகாது. செய்தவர்களில் முதன்மையானது லூடென்ஷைட் நகரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனம். போர்க்காலத்தில் இதே நிறுவனம் அரசுக்கு அளித்த பதக்கங்களில் 4 என்ற எண்ணையும், சில்லறைக் கடைகளுக்கு அனுப்பியவற்றில் எல்/16 என்ற குறியையும் இட்டது. 1951-இல் மேற்கு ஜெர்மனி நிறுவிய கூட்டாட்சி சேவைச் சிலுவையையும் இந்த நிறுவனம் செய்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஆட்சிகள் மாறினாலும் அச்சுப்பட்டறைகள் மாறுவதில்லை என்பது விளங்கும். அதே நகரின் டொய்மர் போன்ற வேறு பழைய பட்டறைகளும் இந்தத் தொழிலில் இருந்தன.

முத்திரை இல்லாத நிலையில் நாம் படிக்க வேண்டியது கீல், ஊசி, கொக்கி ஆகிய மூன்றையும்தான். தெளிவான பின்புறப் படம் தராத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

8. காந்தம் ஒட்டினால் நல்லது, ஒட்டாவிட்டால் போலி என்கிறார் நண்பர். சரியா?

பாதி சரி. மரபுப்படி இரும்புச் சிலுவை மூன்று பகுதிகளால் ஆனது: நடுவில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னுமாகக் கவ்விப் பிடிக்கும் இரண்டு சட்டங்கள். சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சத்தை விளிம்பின் மேல் சாய்வாக விழவிட்டால், இரண்டு சட்டங்களையும் பற்றவைத்த மெல்லிய கோடு தெரியும். என் மேசையில் உள்ள 57 வடிவ இரண்டாம் வகுப்புச் சிலுவையில் அந்தக் கோட்டை மூன்று பக்கங்களில் நன்றாக அரம் போட்டு மறைத்திருக்கிறார்கள். நான்காம் கையின் நுனியில் மட்டும் ஒரு முடி அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. அதைச் செய்த தொழிலாளிக்கு அன்று நேரமாகிவிட்டது போலும்.

இப்படிச் செய்தவற்றில் காந்தம் ஒட்டும். ஆனால் 57 வடிவத்தில் ஒரே துண்டாக அச்சடித்து நடுவில் கறுப்பு பூசிய மலிவான சிலுவைகளும் முறையாக விற்கப்பட்டன. அவற்றில் காந்தம் ஒட்டாது. அதனால் அவை போலி ஆகிவிடா. மறுபுறம், இன்றைய போலிக்காரர்களுக்கும் இரும்புத் தகடு கிடைக்கும். காந்தம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். எப்போது கட்டப்பட்டது என்பதைச் சொல்லாது.

9. 1950-களில் செய்ததையும் பிற்காலத்தில் செய்ததையும் எப்படிப் பிரிப்பது?

திட்டவட்டமாக ஆண்டு சொல்ல முடியாது. முன், பின் என்று வகைப்படுத்தலாம். முற்காலத்தவற்றில் போர்க்கால வேலைப்பாட்டின் தொடர்ச்சி தெரியும்: மூன்று பகுதிக் கட்டுமானம், சட்டத்தின் ஓரத்தில் சிறு மணிகள்போல ஓடும் கூர்மையான மணிவரிசை, கையால் பற்றவைத்த தடித்த கீல். காலம் செல்லச் செல்ல எடை குறைகிறது, விவரங்கள் மழுங்குகின்றன, ஊசி மெல்லிய கம்பியாகிறது, பூச்சு பளபளக்கிறது. வாங்குபவர்களான முன்னாள் வீரர்கள் குறைந்து, நினைவுப் பொருளாக வாங்குபவர்கள் கூடியதன் விளைவு இது என்று நினைக்கிறேன்.

10. புற ஊதா விளக்கில் நாடா நீலமாக ஒளிர்ந்தது. ஏமாந்துவிட்டேனா?

போர்க்காலப் பதக்கம் என்று சொல்லி விற்றிருந்தால் கவலைப்படலாம். வெளுப்பு கூட்டும் வேதிப்பொருள்களும் செயற்கை இழைகளும் துணியில் பரவலானது போருக்குப் பின்புதான். அவையே அந்த விளக்கில் ஒளிர்கின்றன. ஆனால் 57 வடிவமே போருக்குப் பிந்தையது. அதன் நாடா ஒளிர்ந்தால் வியப்பில்லை, ஒளிராவிட்டாலும் வியப்பில்லை. போர்க்காலப் பொருள்களுக்கான சோதனைகளை 57 வடிவத்தின் மீது அப்படியே ஏற்றிப் பார்ப்பதுதான் இங்கே நிகழும் தவறு.

11. ஸ்வஸ்திகா இல்லாத காயச் சின்னம் ஒன்று கிடைத்தது. இது 1918-ஆ, 57-ஆ?

நல்ல கேள்வி, நானே இதில் காசு இழந்திருக்கிறேன். காயச் சின்னம் முதலில் 1918-இல் நிறுவப்பட்டது: நீள்வட்ட மாலை, குறுக்கே இரண்டு வாள்கள், மேலே ஓர் எஃகுத் தலைக்கவசம். 1939-இல் அதே உருவத்தின் கவசத்தில் ஸ்வஸ்திகாவைச் சேர்த்தார்கள். 57-இல் அதை நீக்கினார்கள். ஆக, தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலத் தோன்றும். கறுப்பு, வெள்ளி, தங்கம் என்ற மூன்று தரங்களும் மூன்று காலத்துக்கும் பொது.

விடை கவசத்தின் வடிவில் இருக்கிறது. முதல் உலகப்போர்க் கவசத்தின் இரு பக்கமும் காற்றுக்குழல் மேடு கொம்புபோலத் துருத்திக்கொண்டிருக்கும். பின்விளிம்பும் ஆழமாக இறங்கும். 57 வடிவத்தில் இருப்பது 1935-ஆம் ஆண்டு மாதிரியைப் பின்பற்றிய வழவழப்பான கவசம், கொம்பு கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் "1918, வெள்ளி" என்று எழுதி அனுப்பியதை மாலையின் அழகில் மயங்கி வாங்கினேன். உறையைப் பிரித்ததும் கவசத்தைப் பார்த்தேன், கொம்பு இல்லை. இன்றும் அதைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

12. இவற்றை அசல் என்பதா, நகல் என்பதா? எனக்கு நேரான பதில் வேண்டும்.

உரிமையுள்ள வீரர் அணிவதற்காக, சட்டம் அனுமதித்த வடிவில், பதக்கத் தொழிலில் இருந்த நிறுவனம் செய்தது அசல் 57 வடிவம். அது 1940-ஆம் ஆண்டுப் பதக்கத்தின் நகல் இல்லை, அதன் சட்டபூர்வ வாரிசு. அதே சமயம் அது போர்க்களத்தைப் பார்த்ததும் இல்லை. 57 வடிவத்துக்கே இன்று போலிகள் வரத் தொடங்கிவிட்டன. அரிதான ஜெர்மன் சிலுவை, நைட் சிலுவை இரண்டிலும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

யார் அணிந்தார்கள் என்று பார்க்க விரும்புவோர், இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் போர்விமானி எரிக் ஹார்ட்மன் போன்றவர்களின் பிற்காலப் படங்களைத் தேடலாம். சோவியத் சிறையிலிருந்து 1955-இல் திரும்பி, மேற்கு ஜெர்மன் விமானப்படையில் சேர்ந்து 71-ஆம் போர்விமானப் பிரிவின் முதல் தளபதியானவர் அவர். புண்டஸ்வேர் சீருடையில் அன்றாடம் அணிந்தது முழுப் பதக்கங்களை அல்ல, சிறு நாடாப் பட்டைகளைத்தான். உயர் பதக்கங்களின் நுண்ணுருவம் நாடாவின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய பட்டை ஒன்று முழுமையாகக் கிடைத்தால், ஒற்றைச் சிலுவையைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு மனிதரின் பணிக்காலம் முழுவதும் ஒரு விரல் நீளத்தில் அடங்கியிருக்கிறது.

13. ஸ்வஸ்திகா உள்ள நைட் சிலுவை, 57-ஐச் செய்த அதே நிறுவனத்தின் முத்திரையுடன் வருகிறது. அப்படியானால் போர்க்காலம்தானே?

இந்தத் துறையில் மிக அதிகப் பணம் தொலைந்த இடம் இது. முத்திரையும் அச்சும் போர் முடிந்த அன்று உடைந்து போகவில்லை. பழைய அச்சுகளைக் கொண்டு போருக்குப் பின்னும் ஸ்வஸ்திகா உள்ள பதக்கங்கள் அடிக்கப்பட்டு, சேகரிப்பாளர் சந்தைக்குள் வந்தன. லூடென்ஷைட்டிலிருந்து வந்தவை மட்டுமல்ல, வியன்னாவின் ரூடால்ஃப் சூவால் பட்டறையின் பிற்கால அடிப்புகளும் இதற்குப் பெயர் பெற்றவை.

இதை அவிழ்க்க உதவியது 57 வடிவமே. எஃகு அச்சில் ஒரு விரிசல் விழுந்தால், அதன்பின் அடிக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் அது சிறு மேடாகப் பதியும். அச்சு தேயத் தேய அந்த மேடு பெரிதாகுமே தவிரச் சிறிதாகாது. ஓக் இலை நடுவில் உள்ள சிலுவையின் மணிவரிசையில் ஒரு மேடு இருக்கிறது என்று கொள்வோம். ஸ்வஸ்திகா உள்ள சிலுவையில் அதே இடத்தில் அதைவிடப் பெரிய மேடு இருந்தால், அது 57-க்குப் பின் அடிக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பலரும் ஒதுக்கித் தள்ளிய மலிவான 57 சிலுவை இப்படிக் காலக்கணக்கின் அளவுகோலாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய சிலுவைக்குப் பெருந்தொகை கொடுக்குமுன், அதே நிறுவனத்தின் 57 சிலுவை ஒன்றின் சட்டத்தைப் பக்கத்தில் வைத்து மணி மணியாக ஒப்பிடுங்கள்.

14. ஜெர்மனியிலிருந்து வரவழைக்கலாமா? அணிந்து படம் எடுத்துக்கொள்ளலாமா?

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி அடையாளங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அங்குள்ள ஏல நிறுவனங்கள் படங்களில் ஸ்வஸ்திகாவை மறைக்கின்றன, வாங்குபவரிடம் உறுதிமொழியும் கேட்கின்றன. 57 வடிவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விருது பெறாதவர் அதை அணிவது அங்கே சட்டப்படி தவறு. பெட்டியில் வைப்பது வேறு, மார்பில் குத்துவது வேறு.

15. இந்தியா தொடர்பான ஜெர்மன் பதக்கங்களுக்கும் 57 வடிவம் உண்டா?

சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது 1942-இல் நிறுவிய ஆசாத் ஹிந்த் விருதுகளைப் பற்றிய கேள்வி இது. அவை வியன்னாவில் முன் சொன்ன சூவால் பட்டறையில் செய்யப்பட்டவை. அவை ஜெர்மன் அரசின் விருதுகள் இல்லை. ஸ்வஸ்திகாவும் அவற்றில் இல்லை. ஆகவே 57 வடிவம் என்ற பேச்சே எழாது. பதின்மூன்றாம் விடையில் சொன்ன பிற்கால அடிப்புச் சிக்கல் மட்டும் இவற்றுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

16. நம்மூர் ஈரக்காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

இரும்புத் தகட்டில் வண்ணம் உரிந்த இடத்தில்தான் துரு தொடங்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள். பி.வி.சி. உறைகள் செம்பு கலந்த உலோகத்தில் பச்சைப் பிசின் படியச் செய்யும், அவற்றைத் தவிருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மெருகு போடாதீர்கள்.

17. ஸ்வஸ்திகாவை யாரோ அரத்தால் ராவி எடுத்த இரும்புச் சிலுவை கிடைத்தது. இதை 57 வடிவத்தில் சேர்ப்பதா, கெட்டுப்போன அசல் என்று ஒதுக்குவதா?

இரண்டிலும் சேர்க்க முடியாது, தனி வகை. புதிதாக வாங்கச் செலவிட விரும்பாத சிலர், அல்லது தாம் பெற்ற அதே சிலுவையையே அணிய விரும்பியவர்கள், தங்கள் பதக்கத்தில் இருந்ததைத் தாங்களே ராவி எடுத்தார்கள். பிற்காலத்தில் விற்பனைக்காக ராவியவையும் கலந்திருக்கின்றன. ராவிய இடத்தின் மேல் பழைய கறுப்பு வண்ணமும், அந்த வண்ணத்தின் மேல் பல ஆண்டுத் தேய்மானமும் இருந்தால் வாங்குங்கள். வெட்டுத் தடம் வெள்ளையாக மின்னினால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கிடைத்த ஒன்றில் ராவிய குழியை நிரப்பி, கறுப்பு பூசி, நடுவில் எதையும் வைக்காமல் விட்டிருக்கிறார் உரிமையாளர். கீழே 1939 மட்டும் இருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பூச்சுக்கடியில் நான்கு வளைவுகளின் நிழல் இன்னும் தெரிகிறது.